வியர்வையைத் தாங்கும் மலிவு விலை ஒப்பனை: நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி?

உடற்பயிற்சிக்குப் போகும்போது முகத்தில் ஒப்பனை வேண்டுமா என்ற விவாதத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தழும்பையும் கருந்திட்டையும் மறைத்துக்கொள்ள விரும்புவோரும், வேலை முடிந்து நேரே பயிற்சிக்கூடத்துக்குப் போகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு உள்ள சிக்கல், அட்டையில் அச்சிட்டிருக்கும் 'ஸ்வெட்ப்ரூஃப்' (வியர்வை தாங்கும்) என்ற சொல்லை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான். சன்ஸ்கிரீன்களில் அந்தச் சொல்லை அச்சிடக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் விதித்தது. நீரில் 40 நிமிடம் தாங்குமா 80 நிமிடம் தாங்குமா என்பதைச் சோதித்தே அங்கு அட்டையில் குறிப்பிட வேண்டும். மஸ்காராவுக்கோ ஐலைனருக்கோ அப்படிப்பட்ட நிமிடக் கணக்கு கிடையாது என்பதால், அந்தக் கணக்கை நாமேதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சோதனையைத் தொடங்குமுன் ஒப்பனையைக் கெடுப்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வியர்வையில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீர்தான். மிச்சத்தில் பெரும்பகுதி உப்பு. அதோடு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்ச் சுரப்பிகளின் கசிவும் சேர்ந்துகொள்கிறது. நீரில் அசையாத வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா எண்ணெய் பட்டதும் இளகிவிடுவது இதனால்தான். மூன்றாவதாக ஒன்று உண்டு: நம் கையில் இருக்கும் துண்டு. நான் சோதித்துப் பார்த்தவரை, வியர்வை வழிந்து கெட்டுப்போன ஒப்பனையைவிடத் துண்டால் தேய்த்துக் கெடுத்துக்கொண்ட ஒப்பனையே அதிகம். நீர், எண்ணெய், உரசல் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிக்காமல் ஒரு பொருளை நல்லது என்றோ மட்டம் என்றோ தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது.

கடையில் செய்யக்கூடிய முதல் சோதனை, பொருள்களின் பட்டியலை வாசிப்பதுதான். ஐசோடோடெகேன் என்ற பெயர் முதல் சில இடங்களுக்குள் இருந்தால், அது பூசியபின் ஆவியாகிப் போய்விடும் கரைப்பான் என்று கொள்ளலாம். டிரைமெதில்சிலாக்ஸிசிலிகேட், அக்ரிலேட்ஸ் கோபாலிமர் போன்றவை அது போனபின் தோலின்மேல் மெல்லிய படலமாக ஒட்டி நிற்பவை. விலை குறைந்த பொருள்களிலும் இதே பெயர்கள் வருகின்றன என்பதால், விலையைப் பார்த்து ஒதுக்குவதைவிடப் பட்டியலைப் பார்த்து ஒதுக்குவதே மேல். 'நான்-காமெடோஜெனிக்' (தோல் துளைகளை அடைக்காது) என்ற சொல்லுக்கு ஒரே சீரான சட்ட வரையறை இல்லை. ஆகவே அதை ஓர் உறுதிமொழியாகக் கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நேராக முகத்தில் பூசாமல், முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி, இரண்டொரு நாள் அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் முன்கையில் விரலகலத்துக்கு மூன்று பட்டைகள் இழுத்து, பத்து நிமிடம் தொடாமல் உலர விடுங்கள். பலர் தவறுவது இந்தக் காத்திருப்பில்தான்; கரைப்பான் முழுதும் ஆவியாகுமுன் நீர் பட்டால் நல்ல பொருளும் தோற்றுப்போகும். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து முதல் பட்டையில் தெளித்து, இரண்டு நிமிடம் கழித்துத் துடைக்காமல் பாருங்கள்: நிறம் கரைந்து ஓடுகிறதா, அல்லது நீர் முத்து முத்தாக மேலேயே நிற்கிறதா? இரண்டாவது பட்டையில் ஒரு சொட்டு சமையல் எண்ணெயை வைத்து, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மூன்றாவதை நனைத்து, அதே டிஷ்யூவின் வேறொரு மூலையால் மூன்று முறை தேயுங்கள். இங்கேயே மூன்றிலும் தோற்கும் பொருளை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

முகத்தில் சோதிக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு பொருளை மட்டும், அதுவும் பாதி முகத்தில் மட்டும் பூச வேண்டும். மறுபாதியில் ஏற்கெனவே பழகிய பொருள் இருக்கட்டும். ஒப்பனைக்கு அடியில் பூசும் பிரைமரும், அது நிலைக்க மேலே தெளிக்கும் செட்டிங் ஸ்ப்ரேயும் முதல் சுற்றில் வேண்டாம்; அவை சேர்ந்தால் எது தாங்கியது என்று தெரியாமல் போய்விடும். சன்ஸ்கிரீன் பூசினால் அது நன்றாகப் படிந்தபின் ஒப்பனையைத் தொடங்கி, இரண்டு பாதிக்கும் ஒரே அளவு பூச வேண்டும். பிறகு வழக்கமாகச் செய்யும் பயிற்சியையே 30 நிமிடம் செய்தால் போதும்.

பக்கத்தை மாற்றி இன்னொரு நாளும் செய்யத்தான் வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மலிவான ஃபவுண்டேஷன் என் இடக் கன்னத்தில் துளியும் கலையாமல் இருந்ததைப் பார்த்து, அதை மெச்சிக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். மறுவாரம் வலப்பக்கம் பூசியபோது அரைமணி நேரத்துக்குள் மூக்கோரத்தில் திட்டுத்திட்டாக உடைந்துபோயிற்று. யோசித்துப் பார்த்தால், நான் ஓடும் இயந்திரத்துக்கு இடப்பக்கம் மின்விசிறி இருந்தது. வியர்வையைத் துடைத்த கையோ வலக்கை. அன்று தாங்கியது ஃபவுண்டேஷன் அல்ல, விசிறி.

பயிற்சி முடிந்ததும் கண்ணாடிக்கு ஓடாமல், முதலில் ஒரு புதிய வெள்ளை டிஷ்யூவை நெற்றியில் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள்; பிறகு மூக்கோரம், அதன்பின் மேலுதடு. டிஷ்யூவின் ஓரத்தில் தேதி, பொருள், பக்கம் மூன்றையும் பேனாவால் எழுதிக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தால், நாலு வாரத்தில் நம் நினைவைவிட நேர்மையான சாட்சி கையில் இருக்கும். படமும் எடுக்கலாம், ஆனால் அதே சன்னல், அதே நேரம் என்று ஒளி மாறாமல் இருந்தால்தான் பயன். பவுடரை அள்ளி அப்பியிருந்தால் டிஷ்யூவில் கறை குறைவாகவும் முகத்தில் கோடுகள் அதிகமாகவும் இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு மட்டும் தனி விதி. உள்ளிமை எப்போதும் ஈரமாகவே இருப்பதால், அங்கே எந்தக் கண்மையையும் சோதித்துப் பொழுதைக் கழிக்க வேண்டாம். மஸ்காராவில் கண்ணைச் சுற்றி எண்ணெய் வழிபவர்களுக்கு, இமை மயிரைக் குழாய்போல் மூடி வெதுவெதுப்பான நீரில் கழன்றுவரும் டியூபிங் வகை வாட்டர்ப்ரூஃபைவிட நன்றாக நிற்கும். வியர்வையோடு எது கண்ணுக்குள் இறங்கி எரிந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்திக் கழுவிவிட வேண்டும்.

கடைசிச் சோதனை கலைப்பது. எண்ணெய்த்தன்மையுள்ள கிளென்சரைத் தடவி அரை நிமிடம் ஊறவிட்டால் இளகி வராத பொருள், எத்தனை மணி நேரம் தாங்கியிருந்தாலும் என் கணக்கில் தேறாது. வாரத்துக்கு ஐந்து நாள் அதைத் தேய்த்தெடுக்கப் போவது இமையோரத் தோலில்தானே. கழுவியபின் ஈரமான வெள்ளைத் துணியால் தாடையோரத்தையும் முடி தொடங்கும் நெற்றியோரத்தையும் ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். மிச்சம் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.