ஏற்றத்துக்கு பஸ், இறக்கத்துக்கு நடை: ஐம்பதுக்கு மேல் உடம்பைக் குறைக்கத் தொடங்குவோர் மலையில் செய்யும் தவறுகள்

பொங்கல் முடிந்த வாரத்தில் எங்கள் குன்னூரின் சிம்ஸ் பார்க் ரோட்டில் காலை நேரம் புது முகங்கள் தெரியும். புது ஷூ, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், கையில் போன். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார், இன்னொருவருக்குப் பழைய ஸ்வெட்டர் போட முடியாமல் போயிருக்கும். மாசி பிறப்பதற்குள் பாதிப் பேரைக் காணோம். கடைவீதியில் பார்த்துக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "முட்டி வலிக்குதுக்கா, விட்டுட்டேன்."

நானும் அப்படி ஒருமுறை விட்டவள்தான். தேயிலைக் கம்பெனி ஆபீஸில் 27 வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தேன். 53 வயதில் 82 கிலோ. இப்போது 60 வயது, 67 கிலோ. இடையில் நான் செய்த தவறுகளை அச்சு அசலாக மற்றவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. எண்ணெயைக் குறை, இனிப்பைக் குறை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை இங்கே எழுதப் போவதில்லை.

டாக்டரைப் பார்க்காமல் தொடங்குவது

பிரஷர், சுகர், ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் ஏற்றம் ஏறினால் சுகர் சட்டென்று இறங்கி வழியிலேயே மயக்கம் வரலாம்.

இறக்கம் சுலபம் என்று நினைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழு வருடம் ஆகியும் எனக்கு ஆறாத விஷயம் இது.

குன்னூரில் ஊரே இரண்டு அடுக்கு. பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் ரயில்வே ஸ்டேஷனும் கீழே. பெட்போர்டும் சிம்ஸ் பார்க்கும் மேலே. மேலே குடியிருப்பவர்கள் வாக்கிங் தொடங்கினால் என்ன செய்கிறார்கள்? காலையில் மவுண்ட் ரோடு வழியாகக் கீழே நடந்து போகிறார்கள். மார்க்கெட்டில் காய் வாங்குகிறார்கள். அப்புறம் பையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "ஏறும்போது மூச்சு வாங்குது, இறங்கும்போது ஒண்ணும் தெரியலை" என்பதுதான் அவர்கள் கணக்கு.

நானும் அப்படித்தான் செய்தேன். நாற்பது நாள், ஒருநாள் விடாமல், வேகமாக இறங்கினேன். வேகமாக நடந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள், இறக்கத்தில் வேகம் தானாகவே வந்தது. மூன்றாவது வாரத்தில் இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கறுத்தன. ஷூவின் முன்பக்கத்தில் விரல் ஒவ்வொரு அடிக்கும் போய் முட்டியதால் நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. அதுவே ஓர் எச்சரிக்கை, நான்தான் கவனிக்கவில்லை. ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கியபோது வலது முட்டிச் சில்லைச் சுற்றி வீங்கியிருந்தது. படி ஏறினால்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. படி இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் கத்தி வைத்தது போல் வலித்தது.

ஏழு மாதம் வீட்டோடு இருந்தேன். 79க்கு வந்திருந்த எடை 86 ஆனது. முதலில் பார்த்த இடத்தில் "வயசாயிடுச்சு, தேய்மானம், இனி நடக்காதீங்க" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தையை நம்பி நான் இழந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பிறகு பார்த்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, நீங்க மேல நடக்கிறீங்களா, கீழ நடக்கிறீங்களா?"

அவர் விளக்கியது இதுதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. வேலை அதிகம், அதனால் மூச்சு வாங்கும், இதயம் வேகமாக அடிக்கும். ஆனால் கால் மெதுவாகப் போய்ப் பதிகிறது, மூட்டில் அடி விழுவதில்லை. இறங்கும்போது அதே தொடைத் தசைதான் பிரேக். உடம்பு கீழே ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டே அந்தத் தசை நீள வேண்டும். நீண்டுகொண்டே தாங்கும்போது தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழும். அதனால்தான் இறங்கிய அன்று ஒன்றும் தெரியாமல், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை பிடித்துக்கொள்கிறது. 27 வருடம் நாற்காலியில் இருந்த தொடைக்குப் பிரேக் பிடிக்கும் பலம் ஏது? அது தளர்ந்தால் சுமை முழுக்க முட்டிச் சில்லின் மேலும் மூட்டின் மேலும் விழுகிறது. அதிக எடை வேறு. மூச்சு வாங்காததால் நாம் எதையும் உணர்வதில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலை ரயிலைப் பாருங்கள். தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை இருந்தும் ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்கிறார். காட் ரோட்டில் இறங்கும் லாரிக்காரர் ஏறிய கியரிலேயே இறங்குகிறார். இறக்கத்துக்கு இத்தனை மரியாதை கொடுக்கிற ஊரில், நாம் மட்டும் புது ஷூவோடு தடதடவென்று இறங்குகிறோம்.

அதனால் நான் சொல்வது: அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். பஸ்ஸில் இறங்குங்கள், நடந்து ஏறுங்கள்.

ஏற்றம் என்றதும் பயம் வேண்டாம். முதல் வாரம் இரண்டு மின்கம்பத் தூரம் ஏறுங்கள், நில்லுங்கள், மூச்சு சமநிலைக்கு வரட்டும், மறுபடி இரண்டு கம்பம். வழியில் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேச்சுதான் அளவுகோல்: நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பாட்டு வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம்.

இறங்கியே ஆக வேண்டும் என்றால் அடியைச் சின்னதாக்குங்கள். முட்டியை விறைப்பாக நீட்டிக் குதிகாலை ஊன்றாமல், லேசாக மடக்கியே வையுங்கள். கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. காய்கறிப் பையை வேறு யாராவது எடுத்து வரட்டும். ஷூ வாங்கும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், இறங்கும்போது கால் முன்னால் சறுக்காதபடி நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

இறக்கமே கெட்டது என்று சொல்லவில்லை. பழக்கிக் கொடுத்தால் தொடைக்கு அதைப்போல் பலம் தருவது வேறில்லை. ஆனால் மருந்து போல அளந்து எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பெண் முதலில் கொடுத்தது வீட்டு வாசற்படி ஒன்றுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும், காலுக்கு எட்டு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாதம் கழித்துத்தான் ரோட்டில் ஐந்து நிமிட இறக்கம். இன்று மவுண்ட் ரோடு முழுவதும் இறங்குகிறேன், முட்டி பேசாமல் இருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டுத் தேய்மானமும் கூடுதல் எடையும் உள்ள முதியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். முதல் இரண்டு கிலோ கண்ணாடியில் தெரியாது. முட்டிக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் லைனுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு தங்கச்சி, 55 வயது, அதே வீங்கிய முட்டியோடு வந்தார். "கீழ மார்க்கெட் வரைக்கும்தான்க்கா நடக்கிறேன். மேல வர்றதுக்கு பஸ்ஸு." எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்றுதான். வீக்கம் வடியும்வரை நிறுத்தி, ஏற்றம் மட்டும் என்று மாற்றினோம். இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்கு இடத்தில் நின்று மேலே வந்துவிடுகிறார்.

கட்டிலிலிருந்து நேரே குளிருக்குள் போவது

மார்கழி, தை மாதங்களில் ஐந்தரை மணிக்குப் போர்வையை உதறிவிட்டு அப்படியே ரோட்டுக்கு வருகிறார்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். அந்த நேரத்தில் ஏற்றமும் ஏறினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் கையைக் காலை அசைத்து, நின்ற இடத்தில் நடந்து, உடம்பு சூடான பிறகு கதவைத் திறங்கள். வெயில் வந்தபின் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போலவோ, தாடைக்கும் இடது கைக்கும் இழுப்பது போலவோ இருந்தால், அல்லது வழக்கத்தை மீறி வியர்த்தால், அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேஸ் என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள்.

ரிட்டயர் ஆகி கோவையிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. சின்ன வயதில் ஓடிய மலைதான், ஆனாலும் முதல் சில நாள் சமதளத்தில் மெல்ல நடங்கள்.

விடியும் முன் தேயிலைத் தோட்டத்துக்குள் நடப்பது

வேண்டாம். கரடியும் காட்டெருமையும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

சோற்றை விட்டுவிட்டு டீயில் வாழ்வது

"காலையில ஒண்ணும் சாப்பிடறதில்லைக்கா, டீ மட்டும்தான்." இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் டீ என்றால் ஒரு நாளைக்கு ஆறு தம்ளர் சாதாரணம். தம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பன்னிரண்டு ஸ்பூன், சுமார் 50 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடவே இரண்டு வர்க்கி. வர்க்கி என்பது மைதாவும் கொழுப்பும்தான். ஒரு மணி நேரம் சுமாரான வேகத்தில் நடந்தால் ஏறக்குறைய 250 கலோரி செலவாகும். அது அந்த டீயிலும் வர்க்கியிலும் திரும்பி வந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் தசையில். ஐம்பதுக்கு மேல் தசை தானாகவே கரைந்துகொண்டிருக்கும் வயது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். தராசில் எண் குறையும், ஆனால் மேலே சொன்ன அந்தப் பிரேக்கும் சேர்ந்து தேயும். எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். அதனால் பருப்பு, தயிர், சுண்டல், மீன் எல்லாம் சேர வேண்டும். பட்டர் பீன்ஸும் பச்சைப் பட்டாணியும் வாசலிலேயே விளைகிற ஊர் இது. சோறு ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பீன்ஸ் குழம்பை இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள். டீயில் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தேன், ஒரே மாதத்தில் சர்க்கரையில்லாத டீ பழகிவிட்டது.

தினமும் எடை பார்ப்பது

வாரம் ஒருமுறை போதும். இடுப்பை டேப்பால் அளங்கள்: பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் வர வேண்டும்.

மழை வந்ததும் விட்டுவிடுவது

குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. கல்படியெல்லாம் பாசி பிடித்துவிடும், மண் சரியும், பனிமூட்டத்தில் வண்டிக்காரருக்கு நம்மைத் தெரியாது. அந்த நாட்களில் வெளியே போக வேண்டாம் என்பது சரிதான். ஆனால் இரண்டு மாதம் சும்மா இருந்தால் சேர்த்த பலம் போய்விடும். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, குறைந்தது இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். மழைக்காலத்தை நான் இந்த இரண்டாவதற்கு ஒதுக்கிவிட்டேன்.

கை வைக்காத மர நாற்காலி ஒன்றை எடுத்துச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கம்பளிச் சாக்ஸ் வழுக்கும், கழற்றிவிடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். முதல் வாரம் ஐந்து முறை, சிறிது நேரம் விட்டு மறுபடி ஐந்து. கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரம் கூட்டிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் அதை எடுத்துவிடலாம்.