குதிரைக்கு உதவ நினைக்கிறீர்களா? பிஸ்கட் வேண்டாம்

கடற்கரையில் சவாரிக் குதிரையின் சேணத்துக்கு அடியில் முடி உதிர்ந்து, ஈ மொய்க்கிற புண்ணைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் கையிலிருந்த பிஸ்கட்டை நீட்டியவர்களில் நானும் ஒருத்தி. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, பழக்கமில்லாத தீனியை ஆளாளுக்குக் கொடுத்தால் வருகிற வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும்.

அந்தக் காசைக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் விலங்கு நல அமைப்பு ஒன்றுக்கு மாதாமாதம் அனுப்புங்கள். சின்னத் தொகை போதும். ஒரே தடவை மொத்தமாகக் கொடுப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கியாக வேண்டும், குடற்புழு மருந்து, ரண ஜன்னித் தடுப்பூசி, புல், கொள்ளு என்று செலவு ஓயவே ஓயாது. அனுப்பும் முன் போன் போட்டு, "குதிரை பார்க்கிற டாக்டர் இருக்கிறாரா, இப்போது என்ன தேவை?" என்று கேட்டுவிடுங்கள், சில சமயம் பணத்தைவிடக் கட்டுத்துணிதான் அவசரமாக இருக்கும்.

அப்புறம், பழைய வரி முறையில் இருப்பவர்கள் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்பி ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.