நாய்க்கு வலிப்பு: மலையில் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

வலிப்பில் நாய் நடுங்குவதைக் கண்டால் ஊட்டியில் முதலில் கைக்கு வருவது கம்பளிதான். போர்த்தாதீர்கள். வெளியே உறைபனி கொட்டினாலும், தசைகள் விடாமல் இழுப்பதால் நாயின் உடம்பு சூடேறிக்கொண்டே போகும். தலை மோதாதபடி நாற்காலி, மேசையை ஒதுக்கிவிட்டு மணியைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ விடவேண்டாம். நாய் நாக்கை விழுங்காது, விரலைத்தான் கடிக்கும். இரும்புச் சாவி வைப்பது வீண் வேலை. வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடிப்பதும் அப்படித்தான். அது வயிற்றுக்குள் போனால் சிவப்பணுக்கள் சிதையும் என்பது தனி ஆபத்து.

மணி பார்ப்பது எதற்கு? பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை வந்தாலோ அவசரம். மலைப்பாதையில் அந்த நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்ச் சேர முடியாது. அதனால் வலிப்பை அடக்கும் டயஸெபம் என்ற மருந்து, ஆசனவாய் வழியாகச் செலுத்த, வீட்டிலேயே இருக்கவேண்டும். வழக்கமான அளவு கிலோவுக்கு 1 மி.கி. மில்லிக்கு 5 மி.கி. உள்ள ஊசிமருந்தானால் 10 கிலோ நாய்க்கு 2 மில்லி. வலிப்பு வராமலிருக்க அன்றாடம் கொடுக்கும் பினோபார்பிட்டோன் மாத்திரை சாப்பிடும் நாய்க்கு இந்த அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். உங்கள் நாய்க்குரிய அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி மருந்தோடு ஒட்டிவையுங்கள். அவசரத்துக்கு ஆகும் என்று முன்கூட்டியே பிளாஸ்டிக் சிரிஞ்சில் உறிஞ்சி வைக்கிறார்கள். டயஸெபம் பிளாஸ்டிக்கில் படிந்து வீரியம் குறையும். உடைக்காத கண்ணாடிக் குப்பியாகவே (ஆம்பூல்) வெளிச்சம் படாமல் வையுங்கள். தேவைப்படும்போது உறிஞ்சி, ஊசியைக் கழற்றிவிட்டுச் செலுத்துங்கள்.

இதையெல்லாம்விட அதிகமான நாய்களைக் கெடுப்பது, 'மூணு மாசமா வலிப்பே இல்லையே' என்று மாத்திரையை நிறுத்துவது. வலிப்பு வராததே மாத்திரையால்தான். பினோபார்பிட்டோனுக்கு உடம்பு பழகிவிடும். திடீரென்று விட்டால் முன்பைவிடக் கடுமையான தொடர்வலிப்பு வரும். குறைப்பதென்றால் மாதக்கணக்கில், மருத்துவர் சொல்லும் படிகளில்தான்.

பினோபார்பிட்டோனின் தொடக்க அளவு பொதுவாகக் கிலோவுக்கு 2.5 முதல் 3 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 20 கிலோ நாய்க்கு வேளைக்கு 50 முதல் 60 மி.கி. கடையில் 30 மி.கி., 60 மி.கி. என்று இரண்டு அட்டைகள் கிடைக்கும். 60 இல்லையென்று 30 வாங்கி வந்து பழையபடி ஒன்றே கொடுத்தால் மருந்து பாதியாகிவிடும். அட்டையில் எண்ணைப் படியுங்கள். தவறவிட்ட வேளையை நினைவு வந்ததும் கொடுக்கலாம், அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாக்கக் கூடாது.

முதல் இரண்டு வாரம் நாய் தள்ளாடும், தூங்கும், தண்ணீராகக் குடிக்கும், சோற்றுக்கு அலையும். பயந்து நிறுத்தாதீர்கள், மருந்து இரத்தத்தில் நிலைப்படவே ஏறத்தாழ அவ்வளவு நாள் ஆகும். அதன்பிறகு இரத்த அளவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலும் பார்க்கவேண்டும். பொட்டாசியம் புரோமைடு என்ற இன்னொரு வலிப்பு மருந்து கொடுக்கும் நாய்க்குச் சாப்பாட்டில் உப்பின் அளவு மாறவே கூடாது. ஒருநாள் கருவாடு, மறுநாள் உப்பில்லாச் சோறு என்றால் இரத்தத்தில் மருந்தின் அளவும் ஏறி இறங்கும்.

மழைக்காலத்தில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் சரக்கு வராது. இரண்டு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். இது சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்தல்ல.

உண்ணிக்கு மாத்திரை வாங்கும்போது வலிப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஃப்ளூரலானர், அஃபோக்சோலானர் வகைகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டும். இதுவரை வராத நாய்க்குத் திடீரென்று இழுத்தால், கேரட், முட்டைக்கோஸ் தோட்டத்தில் நத்தைக்குப் போட்ட மருந்தைத் தின்றதா என்று பாருங்கள். மெட்டால்டிஹைட் கலந்த அந்தக் குருணை நாய்க்கு விஷம். அந்தப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.