பவளத் தொட்டியில் முடிப்பாசியா? சோதனை அளவை மட்டும் நம்ப வேண்டாம்

வீட்டு உப்புநீர்ப் பவளத் தொட்டியில் பாறைகளின் மேல் பச்சை முடிப்பாசி படர்ந்திருக்கும்போது, சோதனைக் கருவி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏறத்தாழ பூஜ்யம் என்று காட்டினால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது; நீரில் கலக்கும் சத்தைப் பாசியே உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்வதாலும் அளவு குறைவாகத் தெரியலாம். ஆகவே முதல் வேலை, பாசியைக் கையால் அகற்றுவதே. பழைய டூத்பிரஷ் ஒன்றால் பாறையைத் தேய்க்கும்போது, நீரை வெளியேற்றும் குழாயின் வாயை அதை ஒட்டியே பிடித்துக்கொண்டால், அறுந்த இழைகள் மிதந்துபோய் வேறிடத்தில் ஒட்டி வளராமல் வாளிக்குள் வந்து விழும்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்யக் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது பெரும்பாலும் பாசிக்கு உரமிடுவதற்குச் சமம். சவ்வாலும் ரெசினாலும் வடிகட்டித் தூய்மையாக்கிய ஆர்ஓ டிஐ நீரைப் பயன்படுத்துவோரும், நீரில் கரைந்துள்ள பொருள்களைக் காட்டும் டிடிஎஸ் அளவு பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கியதும் வடிகட்டியில் உள்ள ரெசினை மாற்றிவிட வேண்டும். உறைந்த இறாலை வலையில் இட்டு அலசிக் கொடுப்பதும், விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பதும் ஓரளவு உதவும். டர்போ நத்தைகள் குட்டையான பாசியை நன்றாக மேயுமே தவிர, நீண்டு தொங்குவதைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிப் போட்டு அளவை முற்றிலும் பூஜ்யமாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பவளங்கள் வெளிறுவதோடு, பாசியைவிடத் தொல்லையான டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் நுண்ணுயிரிகள் பழுப்புக் கோழையாகப் படரவும் அது இடங்கொடுக்கும். பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகு) வரை இருந்தால் போதுமானது.