எண் போடாமல் போஸ்ட்கிரெஸ் நிறுவாதீர்கள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற தரவுத்தள மென்பொருளை லினக்ஸில் நிறுவும்போது செய்யும் தவறுகள் பல. ரெப்போவை (பேக்கேஜ்கள் வரும் களஞ்சியத்தை) சேர்த்த பிறகு ஆப்ட் அப்டேட் கொடுக்க மறப்பது, சூடோ (நிர்வாகி அனுமதி) இல்லாமல் கட்டளை அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவற்றைத் திரையே திட்டித் திருத்திவிடும். பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் நழுவி, மாதங்கள் கழித்துக் கழுத்தைப் பிடிப்பவைதான் ஆபத்தானவை.

வெறும் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்’

டெபியன், உபுண்டு வழிகாட்டிகளில் பெரும்பாலும் ‘ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ என்றே இருக்கும். அந்தப் பேக்கேஜுக்குள் சர்வரே கிடையாது. அது ஒரு மெட்டா பேக்கேஜ். ரெப்போ அன்றைக்குக் கைகாட்டும் பெரிய பதிப்பை இழுத்துவரும் கயிறு மட்டுமே. டெபியனின் சொந்த ரெப்போவில் தொல்லை குறைவு: டெபியன் 12 இருக்கும்வரை அது 15-ஐத்தான் தரும். போஸ்ட்கிரெஸ் குழுவே நடத்தும் பிஜிடிஜி ரெப்போவைச் சேர்த்தவர்களுக்குத்தான் வினை. ஆண்டுதோறும் புதிய பெரிய பதிப்பு வரும். கயிறும் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

16 ஓடிக்கொண்டிருக்கிறது, 17 புதிதாக வந்திருக்கிறது என்று வையுங்கள். ஒருநாள் ‘ஆப்ட் அப்கிரேட்’ அடித்தால் 17 வந்து உட்கார்ந்து, காலியான ஒரு கிளஸ்டரையும் (ஒரு சர்வர் நிர்வகிக்கும் டேட்டாபேஸ்களின் தொகுப்பை) தானே உருவாக்கி 5433-ஆம் போர்ட்டில் ஓடத் தொடங்கும். (‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ புதுப் பேக்கேஜைச் சேர்க்காது. காரணம் தெரியாமலே பலர் தப்பிப்பது இதனால்தான்.) தரவெல்லாம் 5432-இல் பழைய 16-இடமே இருக்கும். சர்வரோடு பேச உதவும் பிஎஸ்கியூஎல் என்ற கிளையண்டிடம் வெர்ஷன் கேட்டால் 17 என்று சொல்லும். அது கிளையண்டின் எண். சர்வரின் எண் வேண்டுமானால் உள்ளே நுழைந்து ‘ஷோ சர்வர்_வெர்ஷன்’ கேட்க வேண்டும்.

இதுவரை எதுவும் கெடவில்லை. கெடுப்பது அடுத்த அவசரம். தரவை 17-க்கு மாற்ற ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 16 மெயின்’ (மெயின் என்பது கிளஸ்டரின் பெயர்) என்று அடித்தால், 17 மெயின் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். காலிக் கிளஸ்டரை பிஜி_டிராப்கிளஸ்டர் கொண்டு நீக்க வேண்டும், சரி. ஆனால் ‘பழையதைத்தானே நீக்கணும்’ என்று 16 அடித்து, கூடவே ஓடும் சர்வரை நிறுத்தச் சொல்லும் ஸ்டாப் கொடியையும் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எரிச்சல் வருகிறது. ‘உறுதியா?’ என்று ஒரு வார்த்தை கேட்காது. தரவு போனது போனதுதான்.

அப்படி ஆகாமலிருக்க, முதலில் பிஜி_டம்ப்ஆல் கொண்டு எல்லாத் தரவுக்கும் பிரதி எடுத்து வேறு இயந்திரத்தில் வையுங்கள். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் காட்டும் பட்டியலில் எந்த எண் எந்தப் போர்ட்டில் என்று பாருங்கள். பிறகு 5433-இல் நுழைந்து டேட்டாபேஸ்களைப் பட்டியலிடுங்கள்: போஸ்ட்கிரெஸ், டெம்ப்ளேட்0, டெம்ப்ளேட்1 ஆகிய மூன்று மட்டும் இருந்தால்தான் அது காலி. அப்போது 17-ஐ நீக்கலாம். போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற நீட்சிகள் இருந்தால் 17-க்கான அவற்றின் பேக்கேஜ்களையும் ஏற்றிவிட்டே அப்கிரேடைத் தொடங்குங்கள். முடிந்ததும் போர்ட்கள் இடம் மாறும்; பழைய கிளஸ்டர் அழியாமல் நிற்கும். ஒரு வாரமாவது நிற்கட்டும்.

இத்தனைக்கும் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16’ என்று எண்ணோடு நிறுவியிருந்தால் போதும். ஏற்கெனவே கயிற்றைக் கட்டியவர்கள் ஆப்ட்-மார்க் கொண்டு எண்ணுள்ள பேக்கேஜை ‘மேனுவல்’ ஆக்கிவிட்டு, மெட்டாவை மட்டும் ரிமூவ் செய்யலாம். அமைப்புகளோடு சேர்த்து அழிக்கும் பர்ஜ் பக்கமே போகாதீர்கள்.

ஹோல்டு

சர்வர் பேக்கேஜையே ஹோல்டு செய்வது, அதாவது மாறாமல் பூட்டிவைப்பது, தீர்வல்ல. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும்.

லோக்கேல்

நிறுவும் நேரத்தில் லோக்கேல் (கணினியின் மொழி அமைப்பு) ‘சி’ என்று இருந்தால் கிளஸ்டரின் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) எஸ்கியூஎல்_ஆஸ்கி ஆகிவிடும். சிறிய கன்டெய்னர் இமேஜ்களில் இது சகஜம். தமிழ் உள்ளே போகும், வெளியே வரும். எல்லாம் சரியென்றே தோன்றும். ‘அ’வின் நீளத்தைக் கேளுங்கள், 3 என்று சொல்லும்: அது எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. தரவு ஏறுவதற்கு முன்பே யூடிஎஃப்-8 லோக்கேலை உருவாக்கி, பிஜி_கிரியேட்கிளஸ்டரில் அதைக் குறிப்பிட்டு மறுபடி தொடங்குங்கள். ஏறிய பிறகென்றால் முழு டம்ப், முழு ரீஸ்டோர்.

ஆப்ட்-கீ

ரெப்போவின் கையொப்பச் சாவியைச் சேர்க்கும் பழைய கட்டளை இது. வேண்டாம். சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, சைன்ட்-பை மூலம் அந்த ரெப்போவோடு மட்டும் கட்டுங்கள்.

ரெட் ஹேட் பக்கம்

பிஜிடிஜி பேக்கேஜ் ஏறினாலும் கிளஸ்டர் தானாகப் பிறக்காது. கிளஸ்டரை உருவாக்கும் இனிட்டிபி கட்டளையை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். ரெட் ஹேட் 8-இல், அதிலேயே இருக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் மாட்யூலை முதலில் முடக்காவிட்டால் பேக்கேஜே கண்ணில் படாது.

டிரஸ்ட்

‘பியர்’ பிழை (லினக்ஸ் பயனர் பெயரும் டேட்டாபேஸ் பயனர் பெயரும் பொருந்தவில்லை என்பது) வந்தால் போஸ்ட்கிரெஸ் பயனராக மாறி நுழையுங்கள். யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் கை வைத்து, கடவுச்சொல்லே கேட்காத ‘டிரஸ்ட்’ ஆக்காதீர்கள்.