கூலன்ட் குறையுதா? பழைய கார்ல லீக் தேடும்போது பண்ணக்கூடாத தப்புகள்

பழைய கார்ல கூலன்ட் (இன்ஜின் சூட்ட எடுத்துட்டு போற திரவம்) குறையுதுன்னு தெரிஞ்சா நம்மாளுங்க பண்ற முதல் வேலை, ஒரு பாட்டில் தண்ணிய ஊத்திட்டு கிளம்புறதுதான். நாலு நாள் கழிச்சு மறுபடி குறையும், மறுபடி ஊத்துவாங்க. கேட்டா "பழைய வண்டிங்க, கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் செய்யும்"னு பதில் வரும். எந்த வண்டியும் தண்ணி குடிக்காதுங்க. கூலிங் சிஸ்டம்ங்கறது மூடி வெச்ச ஒரு சுத்து, உள்ள இருக்கறது உள்ளயே சுத்தணும். பானட்டுக்குள்ள இருக்கற கூலன்ட் பாட்டில்ல வருஷத்துக்கு கொஞ்சூண்டு ஆவியா போகலாம், அவ்ளோதான். ஒரு மாசத்துல மேக்ஸ் கோட்டுல இருந்து மின் கோட்டுக்கு இறங்குதுன்னா அது எங்கயோ போகுது, எங்கன்னு கண்டுபிடிச்சே ஆகணும்.

தண்ணி ஊத்துறதுல இன்னொரு பிரச்சனையும் இருக்கு. பெங்களூர்ல பாதி ஏரியாவுல போர் தண்ணி இல்லன்னா டேங்கர் தண்ணி, உப்புத் தண்ணி. பாத்ரூம் குழாயில வெள்ளையா படியுறத பாக்கறீங்கல்ல, அதே தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். "இங்க என்ன ஐஸா உறையுது, கூலன்ட் எதுக்கு"ன்னு கேக்கறவங்க நிறைய பேர். உறையாம இருக்கறதுக்கு மட்டும் இல்லங்க, இன்ஜின் பிளாக், வாட்டர் பம்ப், அலுமினியம் ஹெட் எல்லாம் துரு புடிக்காம அரிக்காம இருக்கறதுக்கான மருந்தே அந்த கூலன்ட்லதான் இருக்கு, தண்ணி ஊத்த ஊத்த அது நீர்த்துப் போய், ஒரு லீக்க வெச்சுகிட்டு ஓட்டுற வண்டியில அடுத்த லீக் தானா ரெடியாகும். வழியில அவசரத்துக்கு ஊத்தலாம், ஊருக்கு வந்ததும் சரியான கூலன்ட்ட டிஸ்டில்ட் வாட்டர்ல கலந்து மாத்திடணும்.

சரி, லீக்க எப்படி தேடுறது? எல்லாரும் "எங்க ஈரமா இருக்கு"ன்னுதான் பாக்கறாங்க, நான் சொல்றது "எப்ப குறையுது"ன்னு முதல்ல பாருங்கன்னு. ராத்திரி நிறுத்தி வெச்சப்ப குறையுதா, ஓடும்போது குறையுதா, ஆஃப் பண்ணின அப்புறம் வெளிய தள்ளுதா, இல்ல கீழ ஒரு சொட்டு கூட இல்லாமயே காணாம போகுதா? இந்த நாலுல எதுன்னு தெரிஞ்சாலே தேட வேண்டிய இடம் பாதியா குறைஞ்சிடும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, இத தயவு செஞ்சு சீரியஸா எடுத்துக்கோங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்க. துணி போட்டு மெதுவா திருகினா ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பெங்களூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, இங்க திறந்த பாத்திரத்துல தண்ணி ஏறக்குறைய 97 டிகிரியிலயே கொதிச்சிடும். மூடி சுமார் 0.9 ல இருந்து 1.1 பார் வரைக்கும் பிரஷர புடிச்சு வெக்கறதாலதான் அதே தண்ணி 115 டிகிரிய தாண்டியும் கொதிக்காம இருக்கு. பிரஷர் குக்கர் மாதிரிதான், மூடிய திறந்த நொடியில உள்ள இருக்கறது சட்டுன்னு கொதிச்சு சுடுதண்ணியும் ஆவியுமா மூஞ்சிலயும் கையிலயும் அடிக்கும். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ காத்திருங்க, மேல் ஹோஸ (ரேடியேட்டர் மேல் பக்கத்தையும் இன்ஜினையும் சேக்கற ரப்பர் குழாய்) அமுக்கிப் பாத்தா மெத்துன்னு இருக்கணும், கை வெச்சா சுடக்கூடாது, அப்பதான் திறக்கணும். இதே கணக்குலதான் மூடி வீக்கானா ஏன் அவ்ளோ பிரச்சனைன்னும் புரியும். வண்டி சாதாரணமா ஓடுறதே 90 டிகிரி பக்கம், பிரஷர் நிக்கலன்னா நம்ம ஊர்ல கொதிக்கறதுக்கு சில டிகிரி இடைவெளிதான் மிச்சம், சில்க் போர்டு சிக்னல்ல ஏசி போட்டுகிட்டு இருபது நிமிஷம் நின்னா அது போதும்.

இப்ப ஈரத்துக்கு வருவோம். கீழ சொட்டுற இடத்துக்கு நேர் மேலதான் லீக்னு முடிவு பண்றது ரொம்ப சாதாரணமா நடக்கற தப்பு. ஓடும்போது ஃபேன் காத்தும் எதிர்காத்தும் கூலன்ட்ட பின்னாடி அடிச்சு தள்ளும், அது இன்ஜின் மேல வழிஞ்சு, கியர்பாக்ஸ் ஓரமா இறங்கி, லீக் ஆன இடத்துக்கு சம்பந்தமே இல்லாத ஒரு இடத்துல சொட்டும். அதனால மேல இருந்து கீழ தேடணும், ஈரமா இருக்கறதுலயே உயரமான இடம் எதுன்னு பாக்கணும். பழைய வண்டியில ஆயிலும் தூசியும் சேர்ந்து அப்பிகிட்டு இருக்கும், அத துடைக்காம பாத்தா எதுவும் தெரியாது. முதல்ல துடைச்சு சுத்தம் பண்ணிடுங்க, ராத்திரி பார்க்கிங்ல கீழ ஒரு பழைய அட்டைப்பெட்டிய பிரிச்சு போடுங்க, காலையில எந்த இடத்துல கறை, என்ன கலர்னு பாருங்க. கலர் இல்லாத, வாசனை இல்லாத தண்ணி பயணி சீட் பக்கமா சொட்டினா அது பெரும்பாலும் ஏசி தண்ணி, அதுக்கு எதுவும் பண்ண வேண்டாம். கூலன்ட்னா விரல்ல வழவழன்னு இருக்கும், லேசா இனிப்பு வாசனை வரும். வாயில வெச்சு பாக்கறவங்க இருக்காங்க, வேண்டவே வேண்டாம், எத்திலீன் கிளைகால் விஷம். சூட்டுல சொட்டறதுக்கு முன்னாடியே ஆவியாயிடுற சின்ன லீக்னா ஈரமே இருக்காது, ஹோஸ் முனையிலயோ ரேடியேட்டர் ஓரத்துலயோ வெள்ளையா பச்சையா பொரிஞ்ச மாதிரி ஒரு படிவு மட்டும் இருக்கும். அந்தப் படிவுதான் சாட்சி, கண்டதும் தேய்ச்சு கழுவிடாம போட்டோ எடுத்து வெச்சுட்டு அப்புறம் துடைங்க.

ராத்திரியில குறையுதுன்னா ஹோஸ் கிளாம்ப்ல இருந்து ஆரம்பிங்க. ரப்பரும் பிளாஸ்டிக்கும் இரும்பும் குளிரும்போது ஒரே அளவுல சுருங்காது, சூட்டுல இறுக்கமா இருந்த மூட்டு விடியக்காலையில லூஸாகி சொட்டும், வண்டி சூடானதும் நின்னுடும். கேரேஜுக்கு கொண்டு போகும்போது வண்டி சூடா இருக்கும், மெக்கானிக் பாத்துட்டு "லீக் எதுவும் இல்ல சார்"னு அனுப்பிடுவாரு, அவர் மேல தப்பு இல்ல. டிசம்பர், ஜனவரியில இப்படி வருதுன்னா வண்டிய முந்தின நாள் ராத்திரியே கேரேஜ்ல விட்டுட்டு காலையில பாக்க சொல்லுங்க.

ஓடும்போது மட்டும் குறையுதுன்னா பிரஷர் இல்லாம அது தெரியாது. இங்கதான் நிறைய பேர் பானட்ட திறந்து வெச்சு டார்ச் அடிச்சு அரை மணி நேரம் பாத்துட்டு விட்டுடறாங்க. கையால பம்ப் அடிக்கற பிரஷர் டெஸ்டர்னு ஒண்ணு இருக்கு, இன்ஜின் ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் வாயில மாட்டி, மூடி மேல எழுதியிருக்கற அளவு வரைக்கும் பம்ப் அடிச்சுட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் விடணும், முள்ளு இறங்கினா லீக் இருக்கு, அப்ப தேடினா கண்ணுல படும். சூட்டுல சுட்டுக்கற பயமும் இல்ல. மெக்கானிக்கிட்ட பேசும்போது "லீக் பாருங்கண்ணா"ன்னு பொதுவா சொல்லாம "பிரஷர் டெஸ்ட் போட்டு பாருங்கண்ணா, மூடியையும் சேத்து டெஸ்ட் பண்ணுங்க"ன்னு கேளுங்க. மூடியில 0.9 பார்னு இருக்கும்போது நல்லா தெரியட்டும்னு ஒன்றரை பாருக்கு அடிச்சா, பதினஞ்சு வருஷ ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க்ல அதுவே புதுசா ஒரு விரிசல் போட்டுடும்.

ஆஃப் பண்ணின அப்புறம் பாட்டில் வழியா வெளிய தள்ளுதுன்னா, அது லீக்கே இல்லாம இருக்கலாம். மூடியோட ஸ்பிரிங்கோ ரப்பரோ போயிருக்கலாம், ஃபேன் சுத்தாம இருக்கலாம், ஏன், பாட்டில மேக்ஸுக்கு மேல நிரப்பி வெச்சிருந்தாலும் தள்ளும். மூடிக்குள்ள இன்னொரு சின்ன வால்வும் இருக்கு, ஆறும்போது பாட்டில்ல இருந்து கூலன்ட்ட திரும்ப உள்ள விடறது அதோட வேலை. அது அடைச்சிட்டா பாட்டில் நிறைஞ்சே இருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும், காலையில பாத்தா மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். பாட்டில மட்டும் பாத்துட்டு "ஃபுல்லா இருக்கே"ன்னு நம்பி கிளம்பக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான், ரேடியேட்டர்ல தனி மூடி இருக்கற வண்டின்னா ஆறினதும் அதையும் திறந்து பாருங்க. மூடி விலை கம்மி, ஜேசி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில உங்க வண்டிக்கான அளவ சொல்லி வாங்குங்க, கைக்கு கிடைச்சத மாட்டாதீங்க, அதிக பார் மூடி பழைய ரேடியேட்டருக்கு ஆகாது.

வாட்டர் பம்ப பத்தி சுருக்கமா. அதோட உடம்புல கீழ ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள சீல் போயிடுச்சுன்னு தெரியப்படுத்தறதுக்குன்னே வெச்ச ஓட்டை அது. அதுல இருந்து சொட்டுதுன்னு யாராவது எம்-சீல் (ஓட்டை அடைக்கற பசை) வெச்சு அடைச்சா அடுத்தது பேரிங் போகும். டைமிங் பெல்ட்டே பம்ப சுத்துற வண்டின்னா பம்ப் மாத்தும்போது பெல்ட்டையும் மாத்திடுங்க, கூலி ஒரே தடவையோட முடியும்.

கீழ ஒரு சொட்டு கூட இல்ல, ஆனா குறையுதுன்னா ரெண்டு இடம் பாக்கணும். ஒண்ணு ஹீட்டர். பெங்களூர்ல யாரும் ஹீட்டர் போடறதில்ல, அதனால டேஷ்போர்டுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்குங்கறதே பல பேருக்கு ஞாபகம் இருக்காது. பயணி பக்கம் கால்மிதிக்கு அடியில கார்பெட்ட தொட்டுப் பாருங்க, வழவழன்னு ஈரமா இருந்தாலோ, கண்ணாடி உள்பக்கம் துடைக்கத் துடைக்க பிசுபிசுன்னு பனி படிஞ்சாலோ அது ஹீட்டர் கோர்தான். மழைத்தண்ணி உள்ள வருதுன்னு நெனச்சு கதவு ரப்பர மாத்தி காசு விடறவங்க இருக்காங்க.

ரெண்டாவது ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதுமேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல். இதுல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஆயில் மூடிக்கு அடியில பால் மாதிரி வெள்ளையா இருக்கறத பாத்த உடனே "ஹெட் போயிடுச்சு, கழட்டணும்"னு முடிவு பண்ணிடறாங்க. வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர் ஸ்கூலுக்கு மட்டும் போயிட்டு வர்ற வண்டியில இன்ஜின் முழுசா சூடாகாது, உள்ள இருக்கற ஈரம் ஆயில் மூடியில அப்படி படியும், அதுக்கும் ஹெட்டுக்கும் சம்பந்தம் இல்ல. குளிர் காலையில சைலன்சர்ல வெள்ளைப் புகை வந்து ரெண்டு நிமிஷத்துல நின்னாலும் அதே கதைதான். டிப்ஸ்டிக்லயே (ஆயில் அளவு பாக்கற குச்சி) ஆயில் காபி கலர்ல வந்தா, வண்டி நல்லா சூடான அப்புறமும் புகை நிக்காம இனிப்பு வாசனையோட வந்தா, ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணின உடனே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, அப்ப சந்தேகப்படுங்க. அப்பவும் ஹெட்ட கழட்டறதுக்கு முன்னாடி கூலன்ட்ல புகை கலக்குதான்னு பாக்கற நீல கலர் மருந்து டெஸ்ட் ஒண்ணு இருக்கு, ரேடியேட்டர் வாயில வெச்சு உள்ள இருக்கற காத்த உறிஞ்சினா, பெட்ரோல் வண்டியில எரிஞ்ச புகை கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். ஹெட் வேலைக்கு ஆகற செலவோட பாத்தா இந்த டெஸ்ட்டுக்கு ஆகறது ஒண்ணுமே இல்ல, கேட்டு வாங்குங்க. டீசல் வண்டின்னா இஜிஆர் கூலரையும் (இன்ஜினுக்கே திரும்பப் போற புகைய கூலன்ட்டால ஆத்தற பாகம்) பாக்க சொல்லுங்க, அது உள்ள லீக்கானாலும் கூலன்ட் காணாம போகும், வெள்ளைப் புகையும் வரும்.

மஞ்சத்தூள் விஷயம். ரேடியேட்டர் லீக்குக்கு மஞ்சத்தூள் கொட்டறது நம்ம ஊர்ல காலங்காலமா நடக்குது, கடையில விக்கற லீக் அடைக்கற பவுடர், திரவம் எல்லாம் கிட்டத்தட்ட அதே வேலைதான். நடுரோட்டுல ராத்திரி ஓசூர் தாண்டி நின்னுட்டா வீடு வந்து சேர உதவலாம், அத நான் மறுக்கல. ஆனா அதுக்கு ஓட்டை எது, குழாய் எதுன்னு தெரியாது. ஹீட்டர் கோர், ரேடியேட்டரோட மெல்லிசு குழாய்னு எல்லாத்தையும் சேத்து அடைக்கும், அப்புறம் லீக் நிக்கும், ஹீட் ஏறும். அதையே ரிப்பேர்னு நெனச்சு விக்கறவங்களும் இருக்காங்க, பழைய வண்டி வாங்கும்போது ரேடியேட்டர் மூடிய திறந்து மஞ்சளா சேறு மாதிரி இருக்கான்னு பாருங்க. ஹீட் ஏறுதுன்னு தெர்மோஸ்டாட்ட (சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலன்ட் ஓட்டத்த திறந்து மூடற வால்வு) கழட்டி வீசறதும் இதே வகைதான், இன்ஜின் எப்பவும் சரியான சூட்டுக்கு வராது, மைலேஜ் அடிபடும், லீக் அப்படியே இருக்கும்.

டெம்பரேச்சர் முள்ள மட்டும் நம்பறதும் ஆபத்து. கூலன்ட் ரொம்ப குறைஞ்சு சென்சார் முனை காத்துல நின்னா, இன்ஜின் எரிஞ்சுகிட்டு இருக்கும்போதும் முள்ளு கீழ காட்டலாம். பொங்கலுக்கு சேலம் போயிட்டு திரும்பும்போது தொப்பூர் மேட்டுல முள்ளு ஏறி திடீர்னு விழுந்தா "அப்பாடா, சரியாயிடுச்சு"ன்னு மிதிக்காதீங்க, ஓரம் கட்டி ஆஃப் பண்ணுங்க. நின்ன உடனே பச்சத்தண்ணிய ஊத்தினா ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம், அதனால ஆற விட்டு ஊத்துங்க. முள்ளு ஏற ஆரம்பிக்கும்போதே பாத்துட்டீங்கன்னா ஏசிய ஆஃப் பண்ணி ஹீட்டர ஃபுல்லா வெச்சா கொஞ்சம் சூட்ட வெளிய எடுக்கும், வேர்க்கும், ஆனா ஓரம் கட்ட இடம் கிடைக்கற வரைக்கும் தாங்கும்.

லீக் கிடைச்சு சரி பண்ணின அப்புறமும் ஒரு தப்பு மிச்சம் இருக்கு, காத்து எடுக்காம விடறது. புதுசா கூலன்ட் ஊத்தும்போது உள்ள காத்து மாட்டிக்கும், அத பிளீட் பண்ணி வெளிய எடுக்கலன்னா வண்டி மறுபடி ஹீட் ஆகும், நீங்க லீக் போகலன்னு நெனச்சுப்பீங்க. கலர பாத்து கூலன்ட் கலக்காதீங்க, பச்சைக்கும் சிவப்புக்கும் எல்லா கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது, வண்டியோட மேனுவல்ல என்ன வகைன்னு போட்டிருக்கோ அதுதான். வேலை முடிஞ்ச அன்னிக்கு பாட்டில்ல ஒரு மார்க்கர் கோடு போட்டு தேதி எழுதுங்க, ஒரு வாரம் தினமும் காலையில ஆறின இன்ஜின்ல பாருங்க, முதல் ஒண்ணு ரெண்டு நாள் மிச்ச காத்து வெளியேறி கொஞ்சம் இறங்கலாம், அதுக்கப்புறம் கோடு நகரக்கூடாது. வடிச்ச பழைய கூலன்ட்ட தெரு ஓரமா ஊத்தாதீங்க, இனிப்பா இருக்கறதால நாய்ங்க நக்கிடும், கொஞ்சம் போனாலே கிட்னி போய் செத்துடும். கேன்ல புடிச்சு மூடி, குழந்தைங்க கைக்கு எட்டாம வெச்சு, பழைய ஆயில் எடுத்துக்கற கேரேஜ்ல இதையும் எடுத்துப்பாங்களான்னு கேட்டு குடுத்துடுங்க.