கொய்யா, மாதுளைல ஓட்டை போடற அந்துப்பூச்சி: நம்மாளுங்க பண்ற தப்புங்க

மாந்தோப்புக்கு வாங்குன மெத்தில் யூஜினால் ட்ராப்பையே கொய்யாவுலயும் மாட்டிட்டு "ட்ராப் போட்டும் அந்துப்பூச்சி அடங்கலயே"ன்னு பொலம்பறவங்க குடியாத்தம் பக்கம் உண்டு. அந்த லூருக்கு, அதான் ட்ராப் உள்ள வெக்கற வாசனை சரக்குக்கு, வர்றது ஆண் பழ ஈ, அவ்ளோதான். ராத்திரில வந்து பழத்தைக் குத்தி சாறு குடிக்கிற அந்துப்பூச்சி வேற கேஸு, அது தேடி வர்றது பழம் பழுக்கறப்போ கெளம்பற எஸ்டர்ங்கற ரசாயன வாசனைய, பழம் புளிச்சா ஆல்கஹாலும் வினிகர் வாடையும் சேந்துக்கும், அது இன்னும் ஜாஸ்தியா இழுக்கும்.

ஆன்லைன்ல காட்லிங் மாத் லூர்னு ஒண்ணு வரும். பேரிக்கா வாசனைல இருக்கற எஸ்டர், 2001ல அமெரிக்காக்காரங்க வெளியிட்டது, ஆணு பொண்ணு ரெண்டையும் இழுக்கும், நல்ல சரக்குதான். ஆனா அது ஆப்பிள் பூச்சிக்கு, நம்ம நாட்டுல அது லடாக்ல தான் கீது. இங்க மாட்டுனா காசு தண்டம்.

எல்லாத்தவிட பெரிய தப்பு கீழ விழுந்த பழத்த அப்டியே உடறது. குத்துன பழத்துல ஊசி ஓட்டை மாதிரி தான் தெரியும், அமுக்குனா சாறு பீச்சும், அப்புறம் சுத்தி பழுப்பா அழுகி தானா விழுந்துடும், அது அங்கயே புளிச்சிக்கினு கெடந்தா நாமளே பூச்சிக்கு விருந்து வெச்ச கதை. தெனம் பொறுக்கி ஆழமா பொதைங்க.

மருந்த பழத்து மேல அடிக்கறதும் வேஸ்ட் தான், ஏன்னா அந்துப்பூச்சி தோல்ல வாய் வெக்காம நேரா உள்ள கொழாயை எறக்கிடும். அறுவடைக்கு நெருக்கத்துல அடிச்சா அந்த விஷம் நமக்கு தான். அதுக்கு பதிலா வெல்லக் கரைசல புளிக்க உட்டு மருந்து கலந்து வெக்கலாம், ஆனா தோப்புக்கு நடுவுல வெச்சா வெளிய இருக்கறதையும் உள்ள கூப்புடற மாதிரி, ஓரத்துல வைங்க, ஆடு நாய் வாய் வெக்காத எடமா பாத்து. அளவ விரிஞ்சிபுரம் கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையம்) கேட்டுக்குங்க.

பழத்துக்கு பை கட்றவங்க வாசனை வந்தப்புறம் கட்றாங்க, லேட்டு. காய் பச்சையா திரண்டு நிக்கறப்பவே கட்டணும். பொழுது சாயறப்போ தோப்புல புகை போடறது பழைய பழக்கம், பழ வாசனை மறையும், அத உட்டுடாதீங்க.

இன்னொண்ணு, இந்த அந்துப்பூச்சியோட புழு பழத்துல இருக்காது, வேலில ஏறிக்கினு இருக்கற சீந்தில் கொடில தான் தின்னு வளரும். நாட்டு மருந்துக்கு வேணும்னு சொல்றவங்க வீட்டு வாசல்ல ஒரு கொடி வெச்சிக்குங்க, தோப்பு வேலில இருக்கறத வேரோட புடுங்கிடுங்க.